நாற்காலி கொடுத்த பிறகு

விடிய இன்னும் நேரமிருக்கும்போதே தேனி மாவட்டத்துத் தெருக்களில் ஜீப் ஹாரன் கேட்கத் தொடங்கிவிடும். போடி, கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுத்து, களை வெட்டிவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் அதைப்போல இரண்டு பங்கு ஆள். கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டி கவிழ்ந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். முதுகெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டவர்களைப் பற்றி எழுத அங்கே இடம் இருப்பதில்லை. மழைக்கு முன்னால் நிழல்மரங்களைக் கவாத்து செய்ய ஏறி விழுந்தவர்கள், ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால்வைத்து மிளகு பறிக்க ஏறிச் சறுக்கியவர்கள் ஆகியோர் அந்த ஒரு வரிச் செய்திக்குக்கூட வராதவர்கள்.

வடக்கே பாலக்காட்டு எல்லையில் இதே கதை தென்னையிலிருந்து தொடங்குகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், சித்தூர் வட்டாரத்துத் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மரமேறும் தொழிலைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். தினமும் அதே மரங்களில் ஏறி இறங்குகிற வேலை இது. முப்பது வருடம் ஏறியவர் ஒரு நாள் மட்டை வழுக்கி விழுகிறார். விழுந்த இடத்திலிருந்து இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுகிறார்கள். முதுகுத்தண்டில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரும் பலருக்கு அந்தத் தூக்கலில்தான் போகிறது. அவசரத்திலும் அன்பிலும் செய்வதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும் என்று தோப்புக்காரர்களுக்கும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் சில வீடுகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

எல்லையில் வாழ்கிறவனுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் வந்து சேர்கிறது. விபத்து இடுக்கியில், ரேஷன் கார்டு தேனியில். முதல் சிகிச்சைச் சீட்டு மலையாளத்தில், மனு எழுத வேண்டியது தமிழில். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையும் வந்துவிட்டது. ஆனால் மாத உதவித்தொகை அவரவர் மாநிலத்துக்கு அவரவர் விதி. வேலையிடத்தில் ஊனமானால் முதலாளி ஈடு தர வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923இல், சட்டம் எழுதப்பட்டுவிட்டது. எந்தத் தோட்டத்தில் அன்றைக்கு வேலை செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட இல்லாத கூலிப்பெண் சட்டத்தின் வாசல்வரைகூடப் போக முடிவதில்லை.

ஆகவே தருமம் செய்கிறவர்கள் வருகிறார்கள். மண்டபத்தில் முகாம் நடக்கிறது, சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன, பொன்னாடை உண்டு, புகைப்படம் உண்டு. கொடுப்பவர்களின் மனசு நல்ல மனசு என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த நாற்காலி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் என் கவலை. எஸ்டேட்டில் லயம் எனும் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் சேறு. மலையில் உருட்ட இடமில்லாத நாற்காலி சுவரோரம் மடித்துவைக்கப்பட்டு, மழைநாளில் துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது. சமவெளியான சித்தூரில் உருட்ட இடம் உண்டு, ஆனால் கழிப்பறைக் கதவின் அகலம் இரண்டடி, நாற்காலியின் அகலம் இரண்டடிக்கு மேல். முன்சக்கரத்து பேரிங் போனால் மாற்ற ஊரில் ஆள் கிடையாது. பெரும்பாலான நாற்காலிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் வருகின்றன. ஒல்லியான உடம்பு அதற்குள் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே பழகி, இடுப்பெலும்பு ஓரிடத்தில் அழுத்தி அங்கே புண் வைக்கிறது.

இந்தப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தண்டுவடம் அறுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நாம் நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கே தெரியாமல் அடிக்கடி அசைகிறோம், அவர் உடம்பு அசையாது. அழுத்தம் விழும் இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு உள்ளே குழிவிழும். வலி தெரியாததால் எலும்பு தெரியும் வரைக்கும் அவருக்கே தெரியாது. சிறுநீர்ப்பையும் தானாகக் காலியாகாது. தேங்கும் நீர் சிறுநீரகத்துக்குத் திரும்பி அதைக் கெடுக்கும். மரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களை இரண்டு மூன்று வருடம் கழித்துக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். இரண்டையும் தடுக்கலாம். கையை ஊன்றி உடம்பைக் கொஞ்ச நேரத்துக்கொருமுறை தூக்கிக் கொடுப்பது, இரவில் புரண்டு படுப்பது, கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வது, சிறுகுழாயைக் கழுவித் தானே செருகி நேரத்துக்கு நீர் கழிப்பது எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். இதைப் புகைப்படம் எடுக்க முடியாது என்பதால் இதற்குப் பணம் வருவதில்லை.

சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கள் இறக்கியவர் ஒருவரின் மனைவி என்னிடம் சொன்னது: "ஏனுங்ண்ணா, ராத்திரி ரெண்டு மணிநேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணும்னு சிஸ்டர் சொல்லிட்டுப் போறாங்கொ. நா ஒண்டி ஆளு. பகல்ல தோப்பு வேலைக்கும் போயிட்டு வந்து ராத்திரி கண்ணு சொருகிப்போச்சுன்னா என்னுங் பண்றது?" அவர் வேலைக்குப் போவதை அடுத்த மாதமே நிறுத்திக்கொண்டார். விழுந்தது ஒருவர், நின்றது இரண்டு கூலி. தோட்டக் கூலி எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம்: 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு நடத்திய போராட்டத்துக்கு முன்பு அவர்களின் நாள் கூலி 232 ரூபாய், போராட்டத்துக்குப் பிறகு 301. இந்தக் கணக்கில் ஓடும் குடும்பத்தில் இரண்டு கூலி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உடல் ஊனமுற்றவரின் சுயசார்பு என்பதை நான் அவர் தனியே என்னென்ன செய்கிறார் என்று பார்த்து அளப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் மறுபடி வேலைக்குப் போகிறாளா, பள்ளியை நிறுத்திய மூத்த மகள் மறுபடி பள்ளிக்குப் போகிறாளா என்றுதான் பார்க்கிறேன். போனால் அங்கே ஏதோ நல்லது நடந்திருக்கிறது.

சித்தூர் வீட்டில் அது நடந்தது. வாரத்துக்கு ஒருமுறை வந்த பயிற்சியாளர் முதலில் செய்தது கட்டிலின் காலை அறுத்ததுதான். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்துக்கு வந்தன. பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் சாய்வாக நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போடச் சொன்னார். கைப்பிடி ஒன்றைக் கழற்றி, இடையில் வழவழப்பான ஒரு பலகையை வைத்தார். ஒரு கையைப் பலகையில் ஊன்றி, இன்னொரு கையை நாற்காலியின் தூரக் கைப்பிடியில் வைத்து, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து, உடம்பைச் சாண் சாணாக நகர்த்த வேண்டும். கால்கள் கட்டிலிலேயே கிடக்கும். கடைசியில் வேட்டித் துணியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கீழ்ப்பலகையில் வைக்க வேண்டும். தென்னை ஏறிய தோள், வலுவுக்குக் குறைவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது, அது போகச் சில வாரங்கள் ஆயின. கழிப்பறைக் கதவை எடுத்துவிட்டு நிலையை இடித்து அகலமாக்கித் திரை போட்டார்கள். அந்த வேலைக்கு ஆன செலவு ஒரு புதிய சக்கர நாற்காலியின் விலையைவிடக் குறைவு. மனைவி இப்போது காலையில் வேலைக்குப் போகிறார். கணவர் திண்ணைக்கு வந்து, ஜூன் மழைக்கு முன்னால் விற்பதற்காகக் குடைக் கம்பிகளுக்குத் துணி கோத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வித்தை வானத்திலிருந்து குதித்ததல்ல. இதற்கு ஒரு வரலாறு உண்டு, அது நம் இரு மாநிலங்களையும் சேர்த்தே ஓடுகிறது. கொச்சியில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தூண்டியவர் அங்கிருந்த டாக்டர் பால் பிராண்ட். உட்கார்ந்தபடி செய்ய முடிகிற அறுவைச் சிகிச்சை அது. பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலும் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடமும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையைக் கட்டினார். 1966இல் உள்நோயாளிகளோடு மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார். நிலையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. என்னை அதில் மிகவும் ஈர்ப்பது ஒரு சாதாரண ஏற்பாடு: நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிப் பயிற்சி பெறுவார். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் பின்னாளில் திரும்பி வந்து உடம்பைக் காட்டிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். நாற்காலி கொடுத்துக் கைகழுவும் பேச்சே அங்கில்லை.

வேலூர் தொலைவு என்றால் ஆய்க்குடி அருகில். தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் கழுத்து முறிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஊர் திரும்பியவர் 1981இல் கூரைக்கொட்டகை ஒன்றில் சில குழந்தைகளோடு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். 1992இல் தசைச்சிதைவு நோய் கொண்ட பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் ஒரு கணக்காளர் எவ்வளவு முக்கியம் என்பதை நிர்வாகம் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று சங்கத்தின் பயிற்சியாளர்கள் கிராமங்களுக்குப் போய், வளர்ச்சி தாமதமான கைக்குழந்தைகளை இனம் கண்டு, தாய்மாருக்கு வீட்டிலேயே பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். குழந்தை இரண்டு வயதுக்குள் கண்ணில் பட்டுவிட்டால் அதன் வாழ்க்கை எவ்வளவு மாறும் என்று எந்த இயன்முறை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

மூணாற்றில் இருக்கும் சிருஷ்டி என்ற அமைப்பைப் பற்றி இந்த மலைக்காரன் என்ற முறையில் கொஞ்சம் உரிமையோடு பேசத் தோன்றுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டப்பட்டது. கொழுந்து கிள்ளுகிறவரை லயத்தில் இடம். ஓய்வு பெற்றால் பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். கை ஊனமான மகனோ நடக்க முடியாத மகளோ மட்டும் உள்ள குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? செங்குத்தான சரிவில் முதுகில் சாக்கோடு நின்று கிள்ளும் வேலைக்கு அந்தப் பிள்ளையை யாரும் எடுக்கப்போவதில்லை. அம்மாவின் ஐம்பத்தெட்டாம் வயது அந்த வீட்டுக்கு ஒரு கெடு. 1991இல் ரத்னா கிருஷ்ணகுமார் இத்தகைய தோட்டக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியாகத் தொடங்கியதுதான், டாடா தேயிலை நிறுவனத்தின் ஆதரவோடு, சிருஷ்டியாக வளர்ந்தது. பள்ளி முடித்தவர்கள் எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது பட்டறைகள் பிறந்தன: கையால் காகிதம் செய்யும் அதுல்யா, இயற்கைச் சாயமேற்றும் அரண்யா, ஸ்ட்ராபெரி ஜாம் செய்யும் பிரிவு, அடுமனை.

அரண்யாவின் துணியை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு, மஞ்சிட்டி, அவுரி என்று மண்ணில் விளைந்ததிலிருந்து நிறம் எடுக்கிறார்கள். துணியைக் கொசுவி நூலால் நெருக்கித் தைத்து இழுத்து முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கினால் முடிச்சு விழுந்த இடத்தில் நிறம் ஏறாது. காய்ந்த பின் ஒவ்வொரு நூலாக அறுத்துப் பிரிக்கும்போது உள்ளே கோலம் விரியும். ஒரு துப்பட்டாவில் அத்தனை முடிச்சுகள், ஒவ்வொன்றும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். நிதானமும் கவனமும் கேட்கிற வேலை, காலைக் கேட்காத வேலை. பாவம் என்று நினைத்து அதை வாங்குகிறவர்கள் ஒருமுறைதான் வாங்குவார்கள். நிறம் பிடித்து வாங்குகிறவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள், பட்டறை அவர்களால்தான் ஓடுகிறது. பள்ளியிலிருந்து நேரே சம்பளத்துக்குப் போகும் வழி ஒன்றை மூணாறு காட்டியிருக்கிறது. அந்த வழி நெல்லியாம்பதியிலும் வால்பாறையிலும் பீர்மேட்டிலும் ஏன் இல்லை என்று அங்குள்ள தோட்ட நிறுவனங்களைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களின் பொறுப்பு. சங்கங்கள் கூலிக்காகவும் போனசுக்காகவும் நடத்திய போராட்டங்களை மதிக்கிறேன். நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுரிமைக்காக ஒரு கோரிக்கை மனு எங்கும் என் கண்ணில் படவில்லை.

தொண்டு நிறுவனங்களை ஆதரிப்பது அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவுவதாகாதா என்று என் இடதுசாரி நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கேரளத்தின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய வலிநிவாரணச் சங்கம் ஒரு தொண்டு முயற்சிதான். அதிலிருந்து ஊர்மக்கள் தாங்களே பயிற்சி பெற்று, தாங்களே சில்லறை சேர்த்து, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போகும் அமைப்பு மலப்புறத்தில் தொடங்கி வளர்ந்தது. புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போனவர்கள் பக்கத்து வீட்டில் பல வருடமாகக் கிடந்த தண்டுவடக்காரரையும் கண்டார்கள், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது, இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் செய்யாதது. இன்று பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். மக்கள் செய்து காட்டியதை அரசு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்முடைய ஊர்களிலும் அப்படி நடக்காது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அதனால் ஆதரவு தர நினைப்பவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது இதுதான். பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறேன் என்று போகாதீர்கள், ஊனமுற்றவர்களின் வீட்டில் சோறு இருக்கிறது. ஒரு பெரிய தொகையை ஒரே நாளில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் தொகை சிறியதாக வந்தாலும் பயிற்சியாளருக்குச் சம்பளம் போடும் நிறுவனத்துக்கு அது பெரியது, அடுத்த மாதமும் அவரை வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வரும். நாற்காலிதான் கொடுப்பேன் என்றால் ஆளை அளந்து கொடுங்கள், கதவு அகலத்தையும் அளந்துவிடுங்கள், ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ஜீப் வைத்திருப்பவர்களும் தோப்பு வைத்திருப்பவர்களும் தூக்குப் பலகை ஒன்றை வாங்கி வையுங்கள். மழைக்காலக் குடையை நாற்காலியில் இருந்து தைக்கிறவரிடம் வாங்குங்கள், தையல் சரியில்லை என்றால் சொல்லித் திருத்தி வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு தேடிப் போகும் குழு ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இந்த மாதம் சிறுநீர்க் குழாய்க்கும் ஆட்டோ வாடகைக்கும் எவ்வளவு ஆயிற்று என்று அவர்களிடம் கேளுங்கள். அதில் உங்களால் முடிந்த பங்கை ஏற்றுக்கொண்டு, ஒரு வருடமாவது தவறாமல் கொடுங்கள்.